வேலைநிறுத்த நாளில் அவசரப் பிரிவை எப்படி நடத்தினீர்கள்?

நண்பர்களே, நான் உள்நோயாளிகள் வார்டில் செவிலியர். எங்கள் சங்கத்தில் மருத்துவர்களும் செவிலியர்களும் சேர்ந்தே வேலைநிறுத்த அறிவிப்பு கொடுத்திருக்கிறோம். சம்பளத்துக்காக அல்ல, போதிய ஆள் வேண்டும் என்பதற்காக. போன வாரம் இரவுப் பணியில் 14 நோயாளிகளுக்கு நான் ஒருத்திதான். மூச்சுத்திணறிய ஒருவரை விட்டு நகர முடியாததால் இன்னொருவருக்கு வலி மருந்து கொடுக்க ஒன்றரை மணி நேரம் தாமதமானது. அவர் என்னை ஒரு வார்த்தை கூடக் கடிந்துகொள்ளவில்லை. அதுதான் இன்னும் உறுத்துகிறது.

கலிஃபோர்னியாவில் 1999-இல் இயற்றிய சட்டப்படி, 2004 முதல் செவிலியர் விகிதம் கட்டாயம். தீவிர சிகிச்சைப் பிரிவில் இரண்டு நோயாளிகளுக்கு ஒரு செவிலியராவது இருக்க வேண்டும். இதை நிர்வாகத்திடம் காட்டினோம், "பார்க்கலாம்" என்றார்கள்.

வேலைநிறுத்தம் செய்த அனுபவம் உள்ளவர்களிடம் கேட்கிறேன். அவசரப் பிரிவு, பிரசவ அறை, தீவிர சிகிச்சை ஆகியவற்றில் யார் பணியில் இருப்பது என்று சங்கமே முடிவு செய்ததா, நிர்வாகத்துடன் எழுத்தில் ஒப்பந்தம் போட்டீர்களா? டயாலிசிஸ் நோயாளிகளை நினைத்தால்தான் எனக்குத் தூக்கம் வருவதில்லை. வாரத்துக்கு மூன்று முறை வருகிறவர்கள். ஒரு முறை தவறினாலும் ஆபத்து. அவர்களுக்கு என்ன ஏற்பாடு செய்தீர்கள்?

நோயாளிகளின் குடும்பத்தாருக்கு நீங்கள் கொடுத்த துண்டறிக்கை இருந்தால் அனுப்புங்கள். நாங்கள் எழுதியது அரசாணை போல இருக்கிறது. எங்களுக்கு இன்னும் 12 நாட்களே உள்ளன.