விண்டோலாண்டா மரக் கடிதங்கள் எப்படி மக்காமல் கிடைத்தன?

ஈரமண்: வட இங்கிலாந்தில் விண்டோலாண்டா என்ற ரோமானியக் கோட்டையில், மெல்லிய மரத்தகட்டில் மையால் எழுதிய கடிதங்கள் கிடைத்தனவாம். கிட்டத்தட்ட 1900 வருடப் பழசு. மழை ஓயாத ஊரில் மரம் எப்படி மக்காமல் இருந்தது? அப்புறம், அப்படி என்னதான் எழுதியிருக்கிறார்கள்?

மணற்கடிகை: கோட்டைக்குள் ஈரம் படாத அறை ஏதாவது இருந்திருக்கும். எகிப்தில் பாப்பிரஸ் தப்பியது வறட்சியால்தானே.

பழைய மைக்கூடு: இங்கே கதை நேர்மாறு. ஈரம்தான் காப்பாற்றியது. ரோமானியரின் எல்லைச் சுவரான ஹேட்ரியன் சுவரைக் கட்டத் தொடங்கிய கி.பி. 122-க்கு முன்பே அங்கே மரக்கோட்டை இருந்தது. ஒரு படை போனதும் அடுத்த படை பழையதை இடித்து, மேலே களிமண்ணும் புல்கரணையும் பரப்பி, புதிதாகக் கட்டிக்கொள்ளும். அடியில் மாட்டியதற்குக் காற்றே போகவில்லை. காற்று இல்லையென்றால் மக்க வைக்கும் நுண்ணுயிர்களுக்கு வேலை இல்லை.

1973-இல் அங்கே அகழாய்வு செய்த ராபின் பர்லி முதல் தகடுகளைப் பார்த்தபோது வெறும் மரச்சீவல் என்றே நினைத்தார். ஒட்டிக்கிடந்த இரண்டைப் பிரித்தால் உள்ளே எழுத்து! ஆனால் காற்றுப் பட்டதும் மங்கத் தொடங்கிவிட்டது. மை கரியால் ஆனது என்பதால் அகச்சிவப்புப் புகைப்படத்தில் திரும்பத் தெரிந்தது. பிரிட்டிஷ் மியூசியத்தில் கண்ணாடிக்கு முன்னால் பத்து நிமிடம் நின்றிருக்கிறேன். தேநீர் சிந்திய அட்டை மாதிரி இருந்ததே தவிர, ஓர் எழுத்துகூடப் பிடிபடவில்லை.

என்ன எழுதினார்கள் என்றால், வீரக்கதை எதுவும் இல்லை. ஒருவர் காலுறை, செருப்பு, இரண்டு உள்ளாடை அனுப்பியதாக எழுதுகிறார். மாஸ்குலுஸ் என்ற குதிரைப்படை அதிகாரி, தளபதி செரியாலிஸை 'என் ராஜா' என்று விளித்து, நாளைக்கு என்ன உத்தரவு என்று கேட்டுவிட்டு, கடைசியில் 'பசங்களிடம் பீர் இல்லை, அனுப்பச் சொல்லுங்கள்' என்று முடிக்கிறார். ராஜா எதற்கு என்று அப்போதுதான் புரிகிறது.

எனக்குப் பிடித்தது, கி.பி. 100-ஐ ஒட்டி கிளாடியா செவேரா எழுதியது. செப்டம்பர் 11 தன் பிறந்தநாள், அவசியம் வர வேண்டும் என்று செரியாலிஸின் மனைவி லெப்பிடினாவை அழைக்கிறாள். முக்கால்வாசி எழுத்தரின் சீரான கையெழுத்து. கீழே மூலையில் மட்டும் கோணல்மாணலாகச் சில வரி, அவளே எழுதியது: 'உன்னை எதிர்பார்த்திருப்பேன், சகோதரி. என் உயிரே, நலமாக இரு.' ஒரு பெண் தன் கையால் எழுதிய லத்தீனில் நமக்குக் கிடைத்தவற்றுள் மிகப் பழையவற்றில் இது ஒன்று.

ஈரமண்: அக்காவா, தங்கையா?

பழைய மைக்கூடு: அங்கேதான் நானும் முழித்தேன். லத்தீனில் 'சோரோர்' என்றால் இரண்டும்தான். கூடப்பிறந்தவளாகவே இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. இருவரும் தளபதிகளின் மனைவிகள், அன்பில் அப்படி அழைத்திருக்கலாம்.

மணற்கடிகை: அப்போ 'தோழி' என்று போட்டிருக்கலாமே?

பழைய மைக்கூடு: போட்டுப் பார்த்தேன். சங்கப்பாட்டுத் தோழி வந்து நின்றுவிட்டாள், அழித்துவிட்டேன்.