‘கிணற்றடி வீடு’ குழு: யாழினியின் நாடகம்

செல்வி: வெள்ளிக்கிழமை யாழினியின் பள்ளி ஆண்டு விழாவில் கிரேக்க நாடகம் ஒன்று நடக்கிறது. பெர்செஃபோனியைப் பாதாளத்துக்குக் கவர்ந்து செல்லும் ஹேடீஸ் வேடம் அவளுக்கு. வாடகைக் கடையில் எமதர்மன் உடைதான் இருக்கிறதாம். கொம்பு வைத்த கிரீடம், பாசக்கயிறு எல்லாம் சேர்த்துத் தருகிறார்கள். எடுத்துக்கொள்ளலாமா?

கவின்: எருமையும் வாடகைக்குக் கிடைக்குமா, அத்தை?

ராமநாதன்: செல்வி, முன்பணம் கொடுத்துவிடாதே. ஹேடீஸ் உயிரைப் பறிக்க வருபவன் அல்லன். அந்த வேலைக்குத் தனடோஸ் என்ற வேறொரு தெய்வம் உண்டு. இறந்தவரை வழிகாட்டி அழைத்துச் செல்பவன் ஹெர்மீஸ். தீர்ப்புச் சொல்பவர்கள் என்று மைனோஸ், ராடமாந்தஸ், ஈயகஸ் ஆகிய மூவரைக் கிரேக்கத் தத்துவஞானி பிளேட்டோ குறிப்பிடுகிறார். ஹேடீஸ் அந்த உலகின் அரசன், அவ்வளவே. மண்ணுக்கு அடியிலிருந்து வரும் விளைச்சலும் செல்வமும் அவனுடையவை என்பதால், பழைய மட்பாண்ட ஓவியங்கள் சிலவற்றில் கனிகள் நிறைந்த பெரிய கொம்பு ஒன்றை ஏந்தியிருப்பான்.

முருகேசன்: ஆக, கொம்பு உண்டு, தலையில் இல்லை, கையில் இருக்கிறது.

கமலா: அவனுக்கு மட்டும் ஏன் பாதாளத்தைக் கொடுத்தார்கள்?

ராமநாதன்: யாரும் கொடுக்கவில்லை, கமலா. அண்ணன் தம்பி மூவரும் சீட்டுக் குலுக்கிப் பிரித்துக்கொண்டார்கள். ஜீயஸுக்கு வானமும், பொசைடனுக்குக் கடலும், ஹேடீஸுக்கு இருள் உலகமும் விழுந்தன. நிலமும் ஒலிம்பஸ் மலையும் மூவருக்கும் பொது என்று ஹோமரின் இலியட் காவியத்தில் பொசைடனே சொல்கிறான்.

முருகேசன்: சீட்டை எழுதியவர் யார் என்று அதில் இருக்கிறதா? நம் வீட்டில் எழுதியவருக்கே தெருப்பக்கப் பங்கு விழுந்தது.

கமலா: முருகேசா, அது அப்பா இருந்தபோதே முடிந்த பேச்சு.

முருகேசன்: பொது என்று விட்ட கிணற்றுக்கு இப்போது பூட்டுப் போட்டிருப்பது யார், அக்கா?

கவின்: பொசைடனும் அந்த இடத்தில் இதே கோபத்தில்தான் பேசுகிறான், அப்பா. அவரவர் பங்கோடு அவரவர் இருக்கட்டும், மூத்தவன் என்பதற்காக ஜீயஸ் என்னை ஏன் அதட்டுகிறான் என்கிறான்.

ராமநாதன்: பூட்டு, குழந்தைகளின் பாதுகாப்புக்காகப் போட்டது. நாடகத்துக்கு வருவோம்.

செல்வி: நாடகத்தில் எண்ணெய்க் கொப்பரையும் தீயும் வருகின்றன, அண்ணா. பாவிகளாக ஆறு குழந்தைகள் அலற வேண்டும்.

ராமநாதன்: ஆறு பேரையும் உட்கார வைத்துவிடு. நெருப்பாறு ஒன்று அங்கே உண்டு, பிளெகதான் என்று பெயர். ஆனால் ஹோமரின் பாதாளத்தில் பெரும்பாலானோர் எந்தத் தண்டனையும் இல்லாமல், பலமற்ற நிழல்களாக அலைகிறார்கள். பாறை உருட்டும் சிசிஃபஸும், நீருக்குள் நின்றும் தாகம் தீராத டான்டலஸும் விதிவிலக்குகள். ஹோமரின் ஒடிசி காவிய நாயகன் ஒடிசியஸ் உயிரோடு அங்கே போய்க் குழி தோண்டி, தேன் கலந்த பாலும் மதுவும் நீரும் ஊற்றி, பார்லி மாவு தூவி, ஆட்டின் இரத்தத்தை அதில் வடிய விடுகிறான். அதைக் குடித்தால்தான் நிழல்களுக்கு ஆளை அடையாளம் தெரிந்து பேச்சு வரும். அவனுடைய தாயே அருகில் வருகிறாள்; ஆனால் குறி சொல்லும் டைரீசியஸ் முதலில் குடிக்க வேண்டும் என்பதால் அவளை வாளால் தடுத்து நிறுத்துகிறான். பிறகு மூன்று முறை தழுவப் போகிறான், மூன்று முறையும் அவள் கைக்குள் அகப்படவில்லை.

கமலா: பெற்றவளையா காக்க வைத்தான்?

கவின்: இறந்துபோன மாவீரன் அகிலீஸ் அங்கே அவனிடம் சொல்வதையும் எழுதுங்கள், பெரியப்பா.

ராமநாதன்: இறந்தவர் அனைவருக்கும் அரசனாக இருப்பதைவிட, நிலமில்லாத ஏழை ஒருவனிடம் கூலியாளாக இருப்பேன் என்கிறான். இந்த உலகத்தில் அலறலுக்கு என்ன வேலை?

கமலா: படகுக்காரனுக்குக் காசு கொடுப்பார்களாமே, அண்ணா? நாம் நெற்றியில் வைப்பதுபோல.

ராமநாதன்: அங்கே வாயில் வைத்தார்கள். இறந்தவரைப் பாதாளத்து ஆற்றைக் கடத்திவிடும் படகோட்டி கேரோனுக்கு ஓபோல் என்ற சிறு கிரேக்க நாணயம் ஒன்று கூலி. கி.மு. 405இல் அரிஸ்டோஃபனீஸ் எழுதிய நகைச்சுவை நாடகத்தில் மட்டும் அது இரண்டு ஓபோல்.

முருகேசன்: அப்பாவுக்கு வைத்த காசையும் நான்தான் கொடுத்தேன். குறித்துக்கொள்ளுங்கள்.

செல்வி: தயவுசெய்து ஒன்றை மட்டும் சொல்லுங்கள். பெர்செஃபோனி பாதாளத்தில் எத்தனை மாதுளை முத்துகள் தின்கிறாள்? ஆசிரியை ஆறு என்கிறார்.

ராமநாதன்: அவளுடைய தாய் டிமீட்டரைப் பாடும் பழைய கிரேக்கத் துதியில் ஒரே முத்து, அதற்காக ஆண்டில் மூன்றில் ஒரு பங்கு பாதாளத்தில் இருக்கிறாள். ரோமானியக் கவிஞர் ஓவிட் ஏழு என்று எழுதி, ஆண்டைச் சரிபாதியாகப் பிரிக்கிறார்.

முருகேசன்: மாதுளையை நான் வாங்கி வருகிறேன். எண்ணுவதை ஆசிரியை பார்த்துக்கொள்ளட்டும்.

கமலா: உடைக்கு என்ன முடிவு?

செல்வி: கிரீடத்தில் கொம்பு ஒட்டியே இருக்கிறது, கழற்ற விடமாட்டேன் என்கிறார் கடைக்காரர்.

ராமநாதன்: உடை இருக்கட்டும். நான் வசனத்தையே திருத்தி எழுதிக்கொண்டிருக்கிறேன். இதுவரை பதினான்கு பக்கம் வந்திருக்கிறது.

செல்வி: நாடகமே எட்டு நிமிடம்தான், அண்ணா.