ஒரு அங்குல வரைபடத்தில் உள்ள வன்னிக் குளங்கள் செய்மதிப் படத்தோடு பொருந்தவில்லை

குளக்கட்டு:
முல்லைத்தீவு, வவுனியாவில் கைவிடப்பட்ட குளங்களுக்கு ஒரு அட்டவணை தயாராகிறது. பிரித்தானிய அதிகாரி ஜே. பி. லூயிஸின் 1895ஆம் ஆண்டு வன்னிக் கைநூலில் இருந்து பெயர்கள் எடுத்தாயிற்று. பழைய ஒரு அங்குலத் தாளை (ஒரு மைலுக்கு ஒரு அங்குலம்) ஸ்கான் செய்து கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் ஏற்றினால் குளமெல்லாம் 200 மீற்றருக்கு மேல் மேற்கே விழுகிறது. 1:50,000 தாளோ தென்மேற்குக் கடலுக்குள்ளேயே போய்விடுகிறது. பெயர்களைப் பொருத்துவதும் சிக்கலாக இருக்கிறது. எங்கே பிழை?

துருசு:
இரண்டும் வேறுவேறு பிழை. எல்லாக் குளமும் ஒரே திசையில், ஒரே அளவு விலகினால் அது டேற்றம் (ஆள்கூறுகளை அளக்கும் அடிப்படை) பிழை. ஓரத்தில் அச்சான அகலாங்கு, நெட்டாங்கு இலங்கையின் பழைய கண்டாவல டேற்றத்தில் இருக்கும். அதை ஜிபிஎஸ் பயன்படுத்தும் டபிள்யூஜிஎஸ் 84 என்று கொடுத்தால் இப்படித்தான் விலகும். மென்பொருளில் அதற்கான குறியீட்டு எண் ஈபிஎஸ்ஜி 4244, அதைக் கொடுங்கோ.

கடலுக்குள் போன 1:50,000 தாள் மீற்றர்க் கட்டம் போட்ட கட்டத்தாள். பழைய கண்டாவலக் கட்டமான ஈபிஎஸ்ஜி 5234 இல் மையத்துக்குக் கொடுத்த எண் 200,000 மீற்றர், 1999ஆம் ஆண்டுக் கட்டமான 5235 இல் 500,000. உங்கட தாளுக்கு 5234. மாற்றிக் கொடுத்தால் தாள் 300 கிலோமீற்றர் தெற்கும் மேற்குமாகப் போகும்.

தாளை நிலத்தோடு பொருத்தும் கட்டுப்பாட்டுப் புள்ளிக்குக் குளத்தின் விளிம்பை எடுக்க வேண்டாம், நீர்மட்டத்தோடு அது மாறும். ஓரக்குறிகளும் கட்டக் கோடுகள் வெட்டும் இடங்களுமே நம்பகமானவை. 8 முதல் 12 புள்ளி, தாள் முழுவதும் பரவலாக. முதலில் தாளை வளைக்காமல் பொருத்தும் பொலினோமியல் 1. ஒவ்வொரு புள்ளிக்கும் ஏற்றபடி தாளை வளைக்கும் தின் பிளேற் ஸ்பிளைன் போட்டால் மீதிப்பிழை பூச்சியம் என்று காட்டும். அதனால் பிழையான புள்ளி ஒன்று இருந்தாலும் தெரியாது. மடிப்புச் சுருங்கிய தாளுக்கு மட்டும், கடைசியில் பாவியுங்கோ.

ஒரு அங்குலத் தாளை 400 டிபிஐயில் (அங்குலத்துக்கு 400 புள்ளி) ஸ்கான் செய்தால் ஒரு பிக்சல் நிலத்தில் ஏறத்தாழ 4 மீற்றர். ஆனால் தாளில் அரை மில்லிமீற்றர் 32 மீற்றர். அதற்குள் வந்தால் போதும், அதைவிடத் துல்லியம் கேட்பது வீண்.

கணுக்கேணி:
பெயர்ப் பக்கம். ஆங்கில எழுத்தில் வந்த பெயரில் ல, ள, ழ ஒன்றாகிவிடும்; ந, ன, ண; ர, ற; த, ட வும் அப்படியே. மூலத்தில் உள்ளதை ஒரு நிரலில் அப்படியே விடுங்கோ, திருத்தக் கூடாது. இரண்டாவது நிரலில் இந்தக் கூட்டங்களை ஒரே எழுத்தாக்கிய வடிவம், மூன்றாவதில் இன்றைய பெயர். ஒப்பிடுவது இரண்டாவது நிரலை. மணலாறு, வெலிஓயா போல இரு பெயர் வழங்கும் இடத்தில் இரண்டையும் பதியுங்கோ.

பெயர் ஒத்ததால் குளம் அதுதான் என்று முடிவெடுக்கக் கூடாது. புதுக்குளம் என்ற பெயரில் மட்டும் வன்னியில் பல குளம் உண்டு. கட்டின் நீளம், வான் (மிகை நீர் வழியும் இடம்) இருக்கும் பக்கம், அருகில் உள்ள ஊர், இவற்றில் குறைந்தது இரண்டு ஒத்துவர வேண்டும்.

குளக்கட்டு:
5234 கொடுத்ததும் கட்டத்தாள் சரியாக வந்துவிட்டது. நன்றி அண்ணை. காடு மூடிய கட்டைச் செய்மதிப் படத்தில் எப்படிப் பிடிப்பது?

துருசு:
ஓகஸ்ட், செப்டெம்பர்ப் படம் எடுங்கோ தம்பி. மாரியில் தாமரையும் புல்லும் நீரை மூடும், படத்தில் நீரைக் கண்டுபிடிக்கக் கணிக்கும் நீர்ச்சுட்டெண் அதை நிலம் என்றே சொல்லும். 1960 முதல் 1972 வரையான அமெரிக்காவின் கொறோனா உளவுச் செய்மதிப் படங்கள் 1995இல் வெளியிடப்பட்டன. முகிலில்லாத ஒன்று அகப்பட்டால், போர்க்காலத்தில் கைவிடப்பட்டுக் காடு பிடித்த கட்டுக்கு அதைவிட நல்ல சான்று இல்லை. நேரில் பார்க்கப் போனால் கண்ணிவெடிப் பலகை உள்ள இடத்தில் தடத்தை விட்டு இறங்கவே வேண்டாம். அந்தக் குளத்தை ‘நேரில் சரிபார்க்கப்படவில்லை’ என்றே பதியுங்கோ.