போப் 2007ல் லிம்போவை மூடினாராம்! யார் சொன்னது?

செம்பருந்து:
பக்கத்துத் திரியில் ஒருவர், "2007ல் போப் லிம்போவை இழுத்து மூடிவிட்டார், மதமும் இரங்கக் கற்றுக்கொண்டது" என்று எழுதி விருப்பக்குறிகளை அள்ளியிருக்கிறார். லிம்போ என்பது ஞானஸ்நானம் பெறாமல் இறந்த குழந்தைகள் போவதாகக் கத்தோலிக்க இறையியலாளர்கள் சொன்ன இடம். கைதட்டியவர்களில் யாராவது 2007ல் வந்ததைப் படித்தீர்களா? 2007ல் வந்தது வத்திக்கானின் சர்வதேச இறையியல் ஆணையத்தின் அறிக்கை. அப்போதைய போப் பதினாறாம் பெனடிக்ட் அதை வெளியிட அனுமதித்தார், அவ்வளவுதான். லிம்போவை ஓர் இறையியல் கருத்தாக இன்னும் வைத்துக்கொள்ளலாம் என்று அந்த அறிக்கையே சொல்கிறது.

கோடைமழை:
அந்த "ஒருவர்" நான்தான். பெயர் சொல்லக் கூச்சமா? போப் பத்தாம் பயஸ் 1905ல் வெளியிட்ட மறைக்கல்வி நூலைப் பாருங்கள். ஞானஸ்நானம் பெறாமல் இறந்த குழந்தைகள் லிம்போவுக்குப் போகும், கடவுளைக் காணாது, வேதனையும் படாது என்று வினா விடையாகவே இருக்கிறது. 1992 மறைக்கல்வியில் லிம்போ என்ற பேச்சே இல்லை, "இறைவனின் இரக்கத்தில் ஒப்படைக்கிறோம்" என்பதோடு சரி. இது மூடல் இல்லையா?

செம்பருந்து:
ஆக 1992. நீங்கள் எழுதியது 2007, அதுவும் போப்.

கரையோரன்:
வருஷத்தை விடுங்கப்பா. தற்கொலை செய்துகொண்டவருக்குத் திருச்சபை அடக்கம் கிடையாது என்று திருச்சபையின் 1917 சட்டம் சொன்னது. 1983 சட்டத்தில் அந்தத் தடை இல்லை. அவர்களின் மீட்பைப் பற்றி நம்பிக்கை இழக்கக் கூடாது என்று மறைக்கல்வியே சொல்கிறது. பெற்றவர்களுக்கு அதுதானே பெரிய விஷயம்?

செம்பருந்து:
அது அடக்கச் சட்டம், இது வேறு. நான் கேட்டது ஒன்றே ஒன்று: 2007ல் போப் மூடினாரா?

வெயிலான்:
இல்லாத ஊருக்கு யார் பூட்டுப் போட்டால் என்ன?

செம்பருந்து:
வந்துட்டார் பகுத்தறிவு. உங்களைக் கேட்கவில்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். ஆதித் திருச்சபை அறிஞர் அகுஸ்தினார் கணக்கில் அந்தக் குழந்தைகளுக்கு நரகம்தான், தண்டனை மட்டும் மிக லேசானது. அதை ஜீரணிக்க முடியாமல்தான் இடைக்கால இறையியலாளர்கள் லிம்போவுக்கு வந்தார்கள். வலியில்லாத இடம், இயற்கையான மகிழ்ச்சிகூட உண்டு என்றார் அவர்களில் ஒருவரான அக்குவினாஸ். அந்தக் காலத்துக்கு லிம்போவே இரக்கம்தான் ஐயா. இரக்கம் 2007ல் பிறந்ததாம்!

கோடைமழை:
இரக்கம் 2007ல் பிறந்தது என்று நான் எங்கே சொன்னேன்? உத்தரிக்கிற ஸ்தலம் பற்றிய திரியில் பதில் வராமல் ஓடினீர்களே, அந்தக் கோபத்தை இங்கே காட்டாதீர்கள்.

செம்பருந்து:
ஓடவில்லை, திரியைப் பூட்டிவிட்டார்கள். 2007க்கு வாருங்கள்.

கரையோரன்:
சடலத்தை எரிப்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1886ல் தடை, 1963ல் அனுமதி. 2016ல், சாம்பலைத் தூவாதே, வீட்டில் வைக்காதே என்று மறுபடி கறார். முன்னே போவதுபோல் இருக்கும், பார்த்தால் பின்னே நிற்கும்.

வெயிலான்:
சாம்பலுக்கும் சட்டமா!

கோடைமழை:
கரையோரன், நீங்கள் யார் பக்கம்?

கரையோரன்:
யார் பக்கமும் இல்லை. இங்கே வந்ததே தப்பு.

செம்பருந்து:
எல்லோரும் வேறு வேறு கதை சொல்லியாச்சு. போப் மூடியதாக அந்த அறிக்கையில் எந்தப் பத்தியில் இருக்கிறது? எண்ணைச் சொல்லுங்கள்.

கோடைமழை:
1905ல் இருந்தது 1992ல் எங்கே போனது என்று நீங்கள் முதலில் சொல்லுங்கள்.

செம்பருந்து:
பத்தி எண்?