ஆர்-1 (மத ஊழியர்) விசா: மனுவுக்கு ஆர்எஃப்இ (கூடுதல் ஆதாரம் கேட்கும் கடிதம்) வந்துவிட்டது, கிருஷ்ணகிரியிலிருந்து என்னென்ன அனுப்ப வேண்டும்?

சபைச் செயலர் (கிருஷ்ணகிரி):
எல்லோருக்கும் ஸ்தோத்திரம். எங்களுடையது எந்த மிஷனோடும் சேராத தனிச் சபை, டிரஸ்டாகப் பதிவானது. எங்கள் உதவிப் போதகரை டெக்சாஸில் ஒரு தமிழ்ச் சபை ஊழியத்துக்கு அழைத்து, ஐ-129 (வேலைக்கு அழைப்பவர் போடும்) மனு போட்டிருக்கிறது. இப்போது அந்தச் சபைக்கு யுஎஸ்சிஐஎஸ் என்ற அமெரிக்கக் குடியேற்றத் துறையிடமிருந்து ஆர்எஃப்இ வந்திருக்கிறது. கேட்டிருப்பவை: இரண்டு ஆண்டு அங்கத்துவத்துக்கு ஆதாரம், அபிஷேகம் பெற்ற போதகர் என்பதற்குச் சான்று, சம்பளமும் தங்குமிடமும் எப்படி என்ற விவரம். அபிஷேகச் சான்றிதழில் ஞானஸ்நானப் பெயர் இருக்கிறது, பாஸ்போர்ட்டில் பள்ளிப் பெயர். அங்கத்தினர் பதிவேடு தமிழில், கையால் எழுதியது. ஒரு ஏஜென்ட், "இதை விடுங்க, விசிட்டர் விசால போய் அங்க மாத்திக்கலாம்" என்கிறார். என்ன செய்யலாம்?

ஓசூர் ஆவண உதவி:
ஐயா, ஏஜென்ட் சொல்வதைக் கேட்காதீர்கள். பி-1 என்ற விசிட்டர் விசாவில் போதகர்கள் போவது உண்டு. ஆனால் அது ஊர் ஊராகப் போய்ப் பிரசங்கிக்கிற சுற்றுப்பயணத்துக்கு. எந்த ஒரு சபையிலும் பொறுப்பு ஏற்கக்கூடாது, அந்தந்தக் கூட்டத்துக் காணிக்கையில்தான் செலவு நடக்க வேண்டும். உங்கள் போதகருக்கு ஒரே சபையில் சம்பளத்தோடு பொறுப்பு. ஐ-129 பதிவு ஏற்கெனவே இருக்கும்போது "சுற்றிப் பார்க்கப் போகிறேன்" என்று தூதரகத்தில் சொன்னால் அது பொய்த் தகவல், ஆயுள் முழுவதும் அமெரிக்கா போக முடியாதபடி தடை விழலாம்.

ஆர்எஃப்இ-க்குப் பதில் தர வேண்டியது மனு போட்ட சபை, நீங்கள் அல்ல. கடைசித் தேதி கடிதத்திலேயே இருக்கும். சட்டப்படி அதிகபட்சம் 12 வாரம், நீட்டிப்பு கிடையாது. அந்தத் தேதிக்குள் பதில் அவர்கள் கைக்குப் போய்ச் சேர வேண்டும், அன்று தபாலில் போட்டால் போதாது. இன்னொன்று, பதில் ஒரே தடவைதான். பாதியை இப்போது அனுப்பி மீதியைப் பிறகு அனுப்பலாம் என்று நினைத்தால், வந்த பாதியை வைத்தே முடிவெடுத்துவிடுவார்கள். அதனால் இங்கிருந்து போக வேண்டியதெல்லாம் சேர்ந்த பிறகு டெக்சாஸ் சபை ஒரே கட்டாக அனுப்பட்டும், ஆர்எஃப்இ கடிதத்தை மேலே வைத்து.

இனி அங்கத்துவம். மனு போட்ட நாளுக்கு உடனே முந்தைய இரண்டு ஆண்டும், அழைக்கும் சபை எந்தப் பிரிவோ அதே பிரிவில் இவர் அங்கத்தினராக இருந்திருக்க வேண்டும். அங்கத்துவம்தான் கேட்கிறார்கள், அந்த இரண்டு ஆண்டு சம்பள வேலையை அல்ல. சம்பள ரசீது இல்லையே என்று பலர் பயந்து, இல்லாத ரசீதைத் தயாரித்து மாட்டிக்கொள்கிறார்கள். இரண்டு ஆண்டு வேலை அனுபவம் கிரீன் கார்டுக்கான நிபந்தனை, ஆர்-1-க்கு அல்ல.

தனிச் சபைகளுக்குச் சிக்கல் வருவது "அதே பிரிவு" என்ற இடத்தில். பேராயர் கடிதம் கொடுக்க முடியாது. ஆனால் விதி பேராயரைக் கேட்கவில்லை. ஒரே வகையான சபை நிர்வாக முறை இருக்க வேண்டும், அதோடு பொதுவான விசுவாச அறிக்கை, ஆராதனை முறை, உபதேச ஒழுங்கு, சடங்குகள் போன்றவற்றில் ஒன்றாவது ஒத்துப்போக வேண்டும். ஆகவே இரண்டு சபைகளின் விசுவாச அறிக்கையையும் பக்கத்தில் பக்கம் வையுங்கள். முழுக்கு ஞானஸ்நானம், திருவிருந்து, மூப்பர் நிர்வாகம், போதகரை யார் நியமிக்கிறார்கள் என்பதை இரு தரப்பும் தனித்தனிக் கடிதத்தில் எழுதட்டும். ஒருவர் கடிதத்தை மற்றவர் நகலெடுத்ததுபோல வாக்கியங்கள் ஒத்திருந்தால் மதிப்பு போய்விடும்.

உங்கள் தலைமைப் போதகர் கடிதத்தில் சேர்ந்த தேதி, ஞானஸ்நானத் தேதி, இன்றுவரை இடைவிடாமல் இருப்பது, அதை எந்தப் பதிவேட்டின் எந்தப் பக்கம் காட்டுகிறது என்பது வர வேண்டும். பதிவேட்டின் அந்தப் பக்கங்களை மட்டும் ஸ்கேன் செய்தால் போதும். கேட்காதவரை நகலே செல்லும், அசல் பதிவேட்டைக் கூரியரில் அனுப்பாதீர்கள்.

பர்கூர் நண்பர்:
பெயர் விஷயம் மட்டும் சொல்கிறேன். இப்போது அரசிதழில் பெயர் மாற்றம், புது பாஸ்போர்ட் என்று இறங்கினால் மனுவில் இருக்கிற பெயரும் பாஸ்போர்ட் எண்ணும் மாறிப்போய்க் குழப்பம் கூடும். பாஸ்போர்ட் பெயரே முதன்மைப் பெயர். ஞானஸ்நானப் பெயர் "பயன்படுத்திய பிற பெயர்" என்ற கட்டத்தில் வர வேண்டும். அது ஐ-129-இல் விடுபட்டிருந்தால் பதில் கடிதத்தில் சபை எழுதித் தெளிவாக்கட்டும். இரண்டு பெயரும் ஒருவரே என்று போதகர் நோட்டரி முன் பிரமாணப் பத்திரம் கொடுக்கலாம். அதைவிட வலுவானது அபிஷேகம் செய்த மூப்பர்களின் கடிதம்: இன்ன தேதியில் நாங்கள் அபிஷேகம் செய்தவர், பாஸ்போர்ட்டில் இந்தப் பெயர் கொண்டவர் என்று, பாஸ்போர்ட் எண்ணோடு.

சான்றிதழ் மட்டும் போதாது. அபிஷேகத்துக்கு உங்கள் சபை என்ன தகுதி கேட்கிறது, அதை இவர் எப்படி நிறைவேற்றினார் என்பதும் வேண்டும். வேதாகமப் பள்ளிச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல் இருந்தால் வையுங்கள். 1872 இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டப்படி திருமணம் நடத்த இவருக்கு உரிமம் இருந்தால் அதையும், இவர் கையெழுத்திட்ட பதிவேட்டுப் பக்கத்தையும் கட்டாயம் சேருங்கள். அரசு ஆவணம் என்பதால் நன்றாக நிற்கும்.

டல்லாஸ் தமிழ் உறுப்பினர்:
மூன்றாவது கேள்வி எங்கள் பக்கத்து வேலை. சபையின் 501(சி)(3) வரிவிலக்குக் கடிதம், ஊழியச் சம்பளம் தனியாகக் காட்டப்பட்ட வரவுசெலவுத் திட்டம், முன்பு இதே பொறுப்பில் இருந்தவருக்குக் கொடுத்த சம்பளத்தின் டபிள்யூ-2 (ஆண்டுச் சம்பளம் காட்டும் வரிப் படிவம்) வேண்டும். வீடு கொடுப்பதானால் வாடகை ஒப்பந்தம். "விசுவாசிகள் பார்த்துக்கொள்வார்கள்" என்று எழுதினால் ஏற்க மாட்டார்கள்.

வேலை வாரத்துக்குச் சராசரி 20 மணி நேரமாவது இருக்க வேண்டும். ஞாயிறு ஆராதனை, வேதபாடம், உபவாச ஜெபம், வீடு சந்திப்பு என்று நாள்வாரியாக அட்டவணை போடச் சொல்லுங்கள். வேன் ஓட்டுவது, அலுவலகக் கணக்கு, நிதி திரட்டுவது போன்றவற்றை முக்கிய வேலையாகக் காட்டினால் அது மத ஊழியமாகக் கணக்காகாது.

நேரில் ஆய்வுக்கு அதிகாரி சொல்லாமலே வரலாம். ஞாயிறு மட்டும் வாடகை மண்டபத்தில் கூடுகிற சபை என்றால் மற்ற நாளில் கதவு பூட்டியிருக்கும். அதை மறைக்காமல், மண்டப ஒப்பந்தத்தையும் அலுவலக முகவரியையும் முன்கூட்டியே கொடுத்துவிட வேண்டும். உறுப்பினர் எண்ணிக்கை, ஊழியர் எண்ணிக்கை, கடந்த 5 ஆண்டில் போட்ட மனுக்கள் என்று மனுவின் உறுதிமொழியில் சபை எழுதிய எண்களை ஆய்வில் சொல்வதோடு ஒப்பிடுவார்கள்.

சபைச் செயலர் (கிருஷ்ணகிரி):
நன்றி ஐயா. பதிவேட்டை மொழிபெயர்க்க அரசு அங்கீகாரம் பெற்றவர் வேண்டுமா? மனைவி, பிள்ளையும் கூடப் போகலாமா?

ஓசூர் ஆவண உதவி:
அங்கீகாரம் தேவையில்லை, நோட்டரியும் வேண்டாம். இரு மொழியும் நன்றாகத் தெரிந்த ஒருவர் முழுதாக மொழிபெயர்த்து, "இது முழுமையானது, சரியானது, மொழிபெயர்க்கும் தகுதி எனக்கு உண்டு" என்று எழுதிப் பெயர், முகவரி, தேதியோடு கையெழுத்திட வேண்டும். போதகரே தன் ஆவணத்தை மொழிபெயர்க்காமல் வேறொருவர் செய்வது நல்லது. சுருக்கம் செல்லாது. முத்திரை, ஓரக் குறிப்பு உட்பட எல்லாம் வர வேண்டும்.

மனைவியும் 21 வயதுக்கு உட்பட்ட, மணமாகாத பிள்ளைகளும் ஆர்-2 (ஆர்-1 பெற்றவரின் குடும்பத்துக்கான) விசாவில் போகலாம். படிக்கலாம், வேலை செய்ய முடியாது. மனு ஏற்கப்பட்டு ஐ-797 (ஒப்புதல் அறிவிப்பு) வந்ததும் ஒவ்வொருவருக்கும் தனித்தனி டிஎஸ்-160 (இணைய விசா விண்ணப்பம்), தலைக்கு 205 டாலர் கட்டணம். முதல் அனுமதி 30 மாதம் வரை, மொத்தம் 5 ஆண்டு.

நம் பக்கம் பலருக்கு பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் கட்டம் காலியாக இருக்கும். அப்படி இருந்தால் டிஎஸ்-160-இல் குடும்பப் பெயர் இடத்தில் பாஸ்போர்ட் பெயரையும், முதல் பெயர் இடத்தில் எஃப்என்யு (FNU, முதல் பெயர் தெரியவில்லை என்பதன் சுருக்கம்) என்றும் போடுங்கள். அப்பா பெயரைத் தானாகச் சேர்க்காதீர்கள். நேர்காணல் பதிவில் கொடுத்த டிஎஸ்-160 எண்ணும் கையில் கொண்டுபோகும் தாளில் இருக்கும் எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். பிழை திருத்தப் புதிதாக நிரப்பினால் பதிவிலும் எண்ணை மாற்றிவிட்டே சென்னைக்குப் பஸ் ஏறுங்கள்.