அடுத்தவர் பஸ்ஸுக்குள் ஏறினால் கண் முதலில் எங்கே போகணும்?

செந்தூல் ஃபோர்மன்:

நம்ம மலேசியாவுல பழைய பஸ்ஸை வீடாக்கினவங்க ரெண்டு பேர் ஒரே இடத்துல நிறுத்தினா, பத்து நிமிஷத்துல ஒருத்தர் மற்றவர் வண்டிக்குள்ள இருப்பார். செருப்பைப் படியிலேயே கழற்றிட்டு ஏறணும்னு எல்லாருக்கும் தெரியும். அதுக்குப் பிறகு நடக்கிறதுதான் சரியில்லை. அலமாரி நிறம் எடுப்பா இல்லை, மெத்தை மெல்லிசு, இந்த லைட்டை இன்னும் மலிவா வாங்கியிருக்கலாம்னு சொல்லிக்கிட்டே பின்சீட்டு வரைக்கும் போவாங்க. காலடியில சாமான் அறைக்குள்ள கேஸ் தோங் (சிலிண்டர்) எப்படி உட்கார்ந்திருக்குன்னு யாரும் குனிஞ்சு பார்க்கிறதில்லை.

வரிசை இப்படி இருந்தா நல்லது: கேஸ், பேட்டரி, வெளியேறும் வழி. இந்த மூணுல தப்பு தெரிஞ்சா அன்னைக்கே சொல்லிடணும். கூட்டத்துல சத்தமா இல்லை, தனியா. மத்ததெல்லாம் கேட்டா மட்டும் சொன்னா போதும். கிரான் (வண்டி உரிமைப் பத்திரம்) மாத்தியாச்சா, ஜேபிஜே (சாலைப் போக்குவரத்து இலாகா) அனுமதி இருக்கான்னு நாலு பேர் நடுவுல கேட்கிற பழக்கத்தையும் விடணும். சீட்டைக் கழற்றுறதுக்கு முன்னாடியே ஜேபிஜே அனுமதி கேட்கணும், வேலை முடிஞ்சதும் சோதனை நிலையத்துல காட்டணும், இன்சூரன்ஸ்காரருக்கும் எழுத்துல தெரிவிக்கணும். இதையெல்லாம் வண்டி வாங்கப் போறவருக்குச் சொல்லுங்க. வாங்கிக் கட்டி முடிச்சவரை நிறுத்தி வச்சு விசாரிக்காதீங்க.

பிறை வயர்மேன்:

அண்ணே, "தனியா"ன்னு சொன்னதை கேஸ் விஷயத்துல ஒத்துக்க முடியாது. கேஸ் கசிஞ்சா பக்கத்து வண்டியில தூங்குற பிள்ளைகளுக்கும் ஆபத்துதான். அங்கே எல்லாருக்கும் கேட்கிற மாதிரியே சொல்லலாம்.

அடிக்கடி கண்ணுல படுறது இது. பஸ்ஸின் சாமான் அறை பெரிசா இருக்கு, அதனால ஒரு மூலையில தோங், இன்னொரு மூலையில பேட்டரியும் இன்வெர்ட்டரும். சமையல் கேஸ் காத்தை விட கனம், கசிஞ்சா தரையோட படியும். அதே தரையில இன்வெர்ட்டர் ரிலே ஒரு தடவை 'டிக்'னு அடிச்சாப் போதும், அந்தப் பொறியில பத்திக்கும். காத்து போக அடியில ஓட்டை போட்டிருக்கோம்னு சொல்வாங்க. போட்டிருப்பாங்கதான். அப்புறம் அழகுக்கு மேலே கார்ப்பெட் ஒட்டியிருப்பாங்க. கையால தடவிப் பார்த்தாத்தான் கார்ப்பெட்டுக்குக் கீழே வட்டமா குழி தெரியும்.

கரெண்டுக்கு வர்றேன். பஸ் 24 வோல்ட், ரெண்டு 12 வோல்ட் பேட்டரி தொடரா நிற்கும். தண்ணி பம்ப்பும் எல்இடி லைட்டும் 12 வோல்ட். உடனே ஒரு பேட்டரியிலிருந்து மட்டும் வயர் இழுத்துடுவாங்க. எஞ்சின் ஓட்டத்துல சார்ஜ் பண்ற ஆல்டர்னேட்டருக்கு ரெண்டும் சேர்ந்த 28 வோல்ட்தான் தெரியும். இழுபட்ட பேட்டரி எப்பவும் பாதி வயித்தோட கிடக்கும், மத்தது அளவுக்கு மீறி சார்ஜ் ஆகிக் கொதிச்சுத் தண்ணி வத்தும். ஆறு மாசத்துல ரெண்டும் போச்சுன்னு பேட்டரி கடைக்காரரைத் திட்டுவாங்க. 24-லிருந்து 12-க்கு இறக்குற கன்வெர்ட்டர் ஒண்ணு போட்டா அந்தக் கதையே இல்லை.

இன்வெர்ட்டர் 2000 வாட்னா 24 வோல்ட்டுல 90 ஆம்பியருக்கு மேல இழுக்கும். 35 சதுர மி.மீ. வயர், 125 ஆம்பியர் ஃப்யூஸ். அதே 2000 வாட்டை 12 வோல்ட்டுல எடுத்தா 185 ஆம்பியர் ஆகிடும், வயர் 70 சதுர மி.மீ. வேணும். அதனால பஸ்ஸுல 24-ஐ விட்டு இறங்காதீங்க. ஃப்யூஸ் பேட்டரி பிளஸ்ஸிலிருந்து ஒரு சாணுக்குள்ள இருக்கணும், லித்தியம்னா கிளாஸ் டி (T) வகை. மலிவான ஏஎன்எல் ஃப்யூஸ் உருகும், ஆனா லித்தியம் ஷார்ட் ஆகும்போது பாயுற ஆயிரக்கணக்கான ஆம்பியரில் உள்ளே தீப்பொறி அணையாமல் தொடரலாம். வீட்டுக்கு இழுக்கிற தடிச்ச கம்பி வயரும் வேண்டாம். ஓட்டத்துல குலுங்கிக் குலுங்கி ஸ்குரூ முனையில ஒடியும். மெல்லிய இழை நிறைய உள்ள வயர்தான் தாங்கும்.

பத்து நிமிஷம் இண்டக்‌ஷன் அடுப்பை ஓட்டிட்டு, பேட்டரி பக்கம் இருக்கிற லக் (வயர் முனையில அமுக்குற உலோக வளையம்) ஒவ்வொண்ணையும் புறங்கையால தொட்டுப் பாருங்க. ஒண்ணு மட்டும் சுடுதுன்னா அது சரியா அமுக்கலை. சுத்தியலால அடிச்ச லக்னா அதை மூடின, சூட்டுல சுருங்குற குழாய் ஓரத்துல பழுப்பு ஏறியிருக்கும். வாய் திறந்து சொல்ல வேண்டிய இடம் அது.

பாலிக் பூலாவ் அக்கா:

தம்பி சொன்னதோட இன்னும் ரெண்டு. கடையில வாங்கின வேகமா எரியுற குவாலி (பெரிய வாணலி) அடுப்பு, அதுக்குன்னு உயர் அழுத்த ரெகுலேட்டர்: இது வண்டிக்குள்ள வரவே கூடாது. வீட்டு அடுப்புக்கான சாதா ரெகுலேட்டர் போதும். தோங் நிமிர்ந்து நிற்கணும், பெல்ட் போட்டுக் கட்டியிருக்கணும். படுக்க வச்சா ஆவிக்குப் பதிலா திரவமே ரெகுலேட்டருக்குள்ள வரும். ரப்பர் குழாய் தகரத்தைத் தாண்டுற இடத்துல ரப்பர் வளையம் இல்லைன்னா ரெண்டு மாசத்துல தகரம் அறுத்துடும். கண்ணுக்குத் தெரியாது; வளைச்சுப் பார்த்தாத்தான் கீறல் வாய் திறக்கும். சோப்புத் தண்ணியை ஒவ்வொரு இணைப்புலயும் தடவுங்க. தீக்குச்சி பத்த வச்சுப் பார்க்கிற தைரியசாலிகள் இன்னும் இருக்காங்க, அவங்க கிட்டேயிருந்து தள்ளி நிறுத்துங்க.

இண்டக்‌ஷன் மட்டும் போதுமான்னு கேட்பாங்க. 25.6 வோல்ட், 200 ஆம்பியர் ஹவர் லித்தியம்னா சுமார் 5 யூனிட். 1800 வாட் அடுப்பு அரை மணி நேரம் முழு வேகத்துல ஓடினா இன்வெர்ட்டர் நஷ்டத்தோட ஒரு யூனிட் போகும். சோறு, குழம்பு, டீ எல்லாம் சேர்த்து நாளுக்கு ஒண்ணரை யூனிட்னு வச்சுக்கலாம். சமையலுக்கு தாராளம். ராத்திரி முழுக்க ஒரு குதிரைத் திறன் ஏர்கானும் வேணும்னா அது தனியா 4 யூனிட் கேட்கும். கூரையில 800 வாட் சோலார் இருந்தாலும் நம்ம ஊர் மேகத்துக்கு ஒரு நாளைக்கு ரெண்டரை யூனிட்டுக்கு மேல எதிர்பார்க்காதீங்க.

பேட்டரி தீர்ந்துடுச்சுன்னு எஞ்சினை ஸ்டார்ட் பண்ணி ஐடில்ல விட்டு பஸ் ஏர்கானோட தூங்குறது, சத்தத்துல பக்கத்துல இருக்கிறவங்க தூக்கத்தைக் கெடுக்கிறது மட்டுமில்லை. புகை சன்னல் இடுக்கு வழியா திரும்ப உள்ளே வரும், வாசனை வர்றதுக்குள்ள தலை கனத்துடும். கார்பன் மோனாக்சைடு அலாரம் படுக்கிற தலைமாட்டு உயரத்துல, கேஸ் அலாரம் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்துல. ரெண்டையும் மாத்தி மாட்டியிருக்கிற வண்டிகளும் இருக்கு.

கெப்போங் லோரிக்காரர்:

எடையைப் பத்தி யாரும் பேசலை. 18 மி.மீ. பிளைவுட் ஒரு முழுப் பலகை 30 கிலோவுக்கு மேல. இருபது பலகை போனா அறுநூறு கிலோ. மேலே சோலார், கீழே தண்ணி. தண்ணி லிட்டருக்கு ஒரு கிலோ, இருநூறு லிட்டர் டாங்கியை பின் அச்சுக்குப் பின்னாடி வச்சா முன் சக்கரம் லேசாகி ஸ்டியரிங் காத்துல மிதக்கும். டாங்கி அச்சுக்கு நேர் மேலயோ கொஞ்சம் முன்னாலயோ இருக்கணும். அலமாரிக்கு 9 மி.மீ. போதும், மடிப்புல சட்டம் கொடுங்க.

வேலை முடிஞ்சதும் எடை போட பழைய இரும்பு யார்டு இருக்கு, செம்பனை ஆலை இருக்கு. எடைமேடைக்காரர் கிட்ட கேட்டா சின்னக் கட்டணத்துக்கு விடுவார். முதல்ல முன் சக்கரம் மட்டும் ஏத்துங்க, அப்புறம் முழு வண்டி, கழிச்சா பின் அச்சு. டாங்கி நிரப்பி, எல்லா சாமானும் ஏத்தி எடுக்கணும், அச்சு மேல விழுற சுமையைப் பார்க்க காலியா எடுத்த எடை உதவாது. லைசென்ஸுக்குக் கணக்கு வேற: பி.டி.எம்., அதாவது சுமை இல்லாத எடை, 3500 கிலோவைத் தாண்டினா காருக்கான டி (D) லைசென்ஸ் போதாது, கனவண்டிக்கான இ (E) வகை வேணும். இது தெரியாமலேயே கோஸ்டர் மினி பஸ் வாங்கினவங்க நிறைய.

வண்டி உயரத்தை மீட்டர்ல எழுதி ஸ்டியரிங் முன்னாடி ஒட்டுங்க. கோலாலம்பூர்ல கார் நிறுத்துமிடம் பல 2.1 மீட்டர்தான். பினாங்குத் தீவுக்குப் போறவங்களுக்கு: 2021-லிருந்து பட்டர்வொர்த் ஃபெரியில கார், பஸ் ஏறாது, பாலம்தான். 2014-ல திறந்த ரெண்டாவது பாலம் 24 கிலோமீட்டர், பக்கக் காத்து பஸ்ஸைத் தள்ளும். ஏறுறதுக்கு முன்னாடி சோலார் தகட்டின் முன் ஓரத்தைக் கையால தூக்கிப் பாருங்க. ஆடினா பாலத்துல காத்து அதுக்குள்ள புகுந்து தூக்கும்.

செந்தூல் ஃபோர்மன்:

எடைக்கு நன்றி, அதை மறந்துட்டேன். வெளியேறும் வழிக்கு வர்றேன். பஸ்ஸுக்கு அவசரக் கதவுன்னு ஒண்ணு இருக்கும். அது பின் பக்கத்துல நல்லா அகலமா இருக்கிறதால கட்டில் அங்கேதான் வந்து உட்காரும். கட்டிலுக்குக் கீல் வச்சு ஒரே கையால தூக்கிற மாதிரி பண்ணுங்க, இல்லைன்னா கட்டிலைத் தள்ளி வைங்க. சன்னல் உடைக்கிற சுத்தியலைத் திரைக்குப் பின்னால ஒளிச்சு வைக்காதீங்க. தீயணைப்பான் ஒண்ணு வாசல் பக்கம், ஒண்ணு சாமான் அறையில வெளியிலிருந்து கைக்கு எட்டுற மாதிரி. சமையல் மேடைக்கு மேலே மாட்டினா தீ அங்கேயே பத்தும்போது எப்படி எடுப்பீங்க?

கூரை வளைவுச் சட்டங்களை வெட்டாதீங்க. ஏர்கான் ஓட்டை, புகைபோக்கி, கண்ணாடி சன்னல் எதுவானாலும் ரெண்டு சட்டத்துக்கு நடுவுல. பஸ் உருண்டா ஆட்களைக் காப்பாத்துறது அந்த வளைவுதான். ஓட்டையைச் சுத்தி பியூட்டைல் டேப், மேலே பாலியூரிதேன் சீலன்ட். சிலிகான் பூசிட்டா அடுத்த தடவை அதன்மேல எதுவும் ஒட்டாது, சுரண்டிச் சுரண்டி தகரம்தான் கீறும். முடிச்சதும் அரை மணி நேரம் குழாய் தண்ணி அடிச்சுப் பாருங்க, மழை வரட்டும்னு காத்திருக்க வேண்டாம். கண்ணாடிப் பஞ்சும் வேண்டாம், நம்ம ஈரத்துக்கு ஊறி உட்கார்ந்துடும். வெள்ளி ஃபாயில் ஒட்டினா முன்னால ரெண்டு செ.மீ. காத்து இடைவெளி விடணும், ஒட்டிக்கிட்டே பலகை வச்சா ஃபாயிலுக்கு வேலையே இல்லை.

ஜெலுத்தோங் தம்பி:

வெளி கரெண்டு செருகுறதைப் பத்தி ஒண்ணு. கம்போங் (கிராமத்து) வீட்டுக்காரர் கிட்ட வயர் கேட்டா எவ்வளவு இழுக்கும்னு முன்னாடியே சொல்லிடணும், காசும் கேட்காமலேயே கொடுத்துடணும். ரீல் வயரை முழுசா அவிழ்த்துப் போடணும். சுருளா இருந்தா நடுவுல சூடு ஏறி உருகும். ஏர்கான் ஓடும்போது கெட்டில் போடாதீங்க.

இன்வெர்ட்டர்ல ஓடும்போது நியூட்ரலும் எர்த்தும் வண்டிக்குள்ள ஓர் இடத்துல இணைஞ்சிருக்கணும், இல்லைன்னா 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (கசிவு வந்தா கரெண்டை அணைக்கிற சுவிட்ச்) போட்டும் பிரயோஜனமில்லை, கசிவு திரும்பி வர வழி கிடையாது. வெளி கரெண்டு செருகினதும் அந்த இணைப்பு தானா விலகணும். விலகலைன்னா செருகின அடுத்த நொடி வீட்டுக்காரர் ஆர்சிசிபி விழும், அவர் ஃப்ரிஜ்ஜும் சேர்ந்து அணையும். அப்புறம் அந்த வீட்டு வாசல்ல யாரையும் நிறுத்த விடமாட்டார்.

தைப்பூசத்துக்கு பினாங்கு தண்ணீர்மலைப் பக்கம் பந்தலுக்கு லைட் கொடுக்கிறோம்னு வண்டியோட போறவங்களுக்கும் இதே கணக்கு. 2000 வாட் இன்வெர்ட்டர்ல ஃபேனும் லைட்டும் தாங்கும், தண்ணி கொதிக்க வைக்கிற பெரிய பாய்லர் தாங்காது. முன்னாடியே சொல்லிடுங்க.

பாலிக் பூலாவ் அக்கா:

கழிவுத் தண்ணி. பாத்திரம் கழுவின தண்ணியை ஆர் அண்ட் ஆர்ல (நெடுஞ்சாலை ஓய்விடம்) திறந்து விடாதீங்க, கடற்கரையில விடவே விடாதீங்க. கழற்றி எடுக்கிற தொட்டி உள்ள கேசட் டாய்லெட்டைக் கழிப்பறைத் தொட்டியில மட்டும் கொட்டணும், கொட்டினதும் அந்த இடத்தை நீங்களே கழுவிட்டு வரணும். ஆர் அண்ட் ஆர்ல ரெண்டு பார்க்கிங் கட்டத்தை அடைச்சு கூரைத்துணி விரிச்சு நாற்காலி போடுறதும் வேண்டாம்.

அதை விட மோசம், பயணம் முடிஞ்சு தாமானுக்கு (குடியிருப்புப் பகுதி) திரும்பின பிறகு. டாங்கியில பாதி கழிவுத் தண்ணியோட மூணு வாரம் நிறுத்தி வைப்பாங்க. காத்துக் குழாய் வாய் திறந்திருக்கும். ஏடிஸ் கொசுவுக்கு ஒரு வாரம் பத்து நாள் போதும். நோய் பரப்புற பூச்சிகளை அழிக்கிற 1975-ஆம் ஆண்டுச் சட்டப்படி வீட்டுக்காரர் மேலதான் அபராதம். குழாய் வாயில மெல்லிய வலையை வளையத்தோட இறுக்குங்க, நிறுத்துற அன்னைக்கே டாங்கியைக் காலி பண்ணுங்க.

டுரியான் காலத்துல பாலிக் பூலாவ் வர்றவங்க வாங்குங்க, சாப்பிடுங்க. அடுத்தவர் ஏர்கான் பஸ்ஸுக்குள்ள மட்டும் பையோட ஏறாதீங்க. துணிச்சீட்டுல ஏறின வாசனை போக வாரக்கணக்காகும்.

ஜெலுத்தோங் தம்பி:

பிறை அண்ணே, தோங் பெட்டி அடி ஓட்டை எவ்வளவு பெரிசு போடணும்?

பிறை வயர்மேன்:

ஐரோப்பிய கேரவான் தரத்துல, அடியில மட்டும் காத்து போகணும்னா பெட்டித் தரையில 2 சதவீதம், எப்படியும் 100 சதுர செ.மீ. குறையக்கூடாது. 50 மி.மீ. ஓட்டை ஒண்ணு கிட்டத்தட்ட 20 சதுர செ.மீ. வரும், அப்படின்னா ஆறு போடுங்க. எலி நுழையாம வலை வச்சா காத்து போற இடம் குறையும், இன்னும் ரெண்டு கூட்டுங்க. சைலன்சர் பக்கமும் சக்கரத்துக்கு மேலேயும் வராத இடமா பாருங்க. பெட்டிக்கும் உள்ளறைக்கும் நடுவுல வயர் போற சின்ன ஓட்டையைக்கூட அடைச்சுடுங்க. கார்ப்பெட் ஒட்டுறதா இருந்தா, ஓட்டை இருக்கிற இடத்தை முதல்ல வெட்டி எடுத்துட்டு ஒட்டுங்க.