வேளா மீனைக் கடைசியாகப் பார்த்தது எப்போது?

கடலூர் முதுநகரிலிருந்து:

துறைமுகத்தில் இறங்கும் சுறா, திருக்கை, உளுவையை அளந்து குறிப்பது என் வேலை. ரம்பம் போல இருபுறமும் பல் வைத்த நீண்ட மூக்கு, அதாவது கொம்பு, உள்ள வேளா மட்டும் ஒருமுறைகூட வந்ததில்லை. அதனால் பெரியவர்களைத் தேடிப் போய்க் கேட்கிறேன். தேவனாம்பட்டினத்தில் ஒரு தாத்தா உத்தரத்தில் செருகியிருந்த கொம்பை இறக்கிக் காட்டினார். சில பற்கள் விழுந்து குழி மட்டும் இருந்தது. ஒரு பல்லின் அடியில் நைலான் நூல் இன்னும் சிக்கிக் கிடந்தது. "மாட்டுனா வலையக் கிழிக்காம வராது தம்பி. அதான் கொம்பையே வெட்டிருவோம்" என்றார். கடைசியாக எப்போது என்றால், "மூத்த பொண்ணு கல்யாணத்துக்கு முன்னாடி." கல்யாணப் பத்திரிகையைத் தேடியெடுத்து ஆண்டைக் குறித்துக்கொண்டேன்.

எதற்கு இவ்வளவு மெனக்கெடல்? ஓர் இனத்தின் நிலையை ஐயூசிஎன் என்ற உலக இயற்கைப் பாதுகாப்பு அமைப்பு மதிப்பிடும்போது பத்து ஆண்டு அல்லது அந்த மீனின் மூன்று தலைமுறை, இதில் எது நீளமோ அந்தக் காலத்தில் எவ்வளவு குறைந்தது என்று பார்க்கிறார்கள். குறைந்தது 80 சதவீதம் போயிருந்தால் அழிவின் விளிம்பில் உள்ளவற்றுக்கான 'மிக அருகிய' பட்டியல். உலகின் ஐந்து வேளா இனங்களும் அதில்தான் இருக்கின்றன. மெதுவாக வளரும் மீன் என்பதால் மூன்று தலைமுறை என்பது பல பத்தாண்டுகள். அவ்வளவு நீளக் கணக்கு சில இடங்களில் உண்டு. அமெரிக்காவில் கொலம்பியா ஆற்றின் போனவில் அணையில், மீன் ஏறும் படிகளில் சால்மனை 1938இலிருந்து எண்ணுகிறார்கள். அந்த ஆற்றின் கிளைவழியே ஐடஹோவின் ரெட்ஃபிஷ் ஏரிக்கு 1992இல் திரும்பிய சாக்கை என்ற சால்மன் வகை மீன் ஒன்றே ஒன்று. கொடுமைதான். ஆனால் எண்ணியதால் தெரிந்தது, காப்பாற்றும் வேலையும் நடந்தது. நமக்கு அந்தக் கணக்குப் புத்தகம் பெரியவர்களின் நினைவு மட்டுமே. உங்களுக்குத் தெரிந்ததையும் எழுதுங்க.

கிள்ளையிலிருந்து:

பிச்சாவரம் பக்கம் கழியில் ரெண்டரை அடி வேளாக் குட்டி வலையில் ஏறியதாக அப்பா சொல்வார். நான் இத்தனை வருஷத் தொழிலில் பார்த்ததே இல்லை. பார்க்காததை எழுதலாமா?

முதுநகரிலிருந்து:

கட்டாயம் எழுதுங்க அண்ணே. எந்த வலை, எந்த இடம், எத்தனை வருஷமாகக் காணோம் என்று சேர்த்து எழுதினால் அதுவும் கணக்குதான். அப்பாவிடம் அந்தக் குட்டி எந்த மாதம் கிடைத்தது என்றும் கேளுங்க. 2001இலிருந்து வேளா வனவிலங்குச் சட்டத்தில் உச்சப் பாதுகாப்பு தரும் முதல் அட்டவணையில் இருப்பதால் வீட்டில் கொம்பு இருப்பதைச் சொல்லப் பலர் தயங்குகிறார்கள். பெயரோ முகவரியோ வேண்டாம், படம் போதும். கொம்பின் அடிப்பகுதி தெரிய எடுங்க. அங்கே பல்லே இல்லாமல் வழுவழுப்பாக இருந்தால் அது தனி இனம்.